வளைக்குள் போகாத சிலந்தி

மாவு மில்லுக்குப் போய்வருகிறேன் என்று கணவன் சிவானந்தம் கோதுமை டின்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் அது மறுபடியும் ஏற ஆரம்பித்துவிட்டது. கண்ணாடித் தொட்டியின் ஜன்னல் பக்கத்து மூலையில், இரண்டு கண்ணாடிகளும் சேருகிற இடத்தில், பசை காய்ந்து கோடாக நின்றிருந்தது. அந்தக் கோட்டை முன்கால்களால் தடவித் தடவி, ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக, எங்கேயோ அவசரமாகப் போயாக வேண்டும் என்பதுபோல ஏறியது. மூடிவரைக்கும் போய், கம்பிவலையில் கால் நுனியை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தொங்கி, வந்த வழியே வழுக்கி இறங்கி, அடுத்த மூலைக்குப் போனது. காலையிலிருந்து இதே வேலை. பொற்கொடி வயிற்றுத் தையல் இழுக்காமல் மெதுவாக நாற்காலியை நகர்த்திப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒன்பது வருஷமாக இந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஒருநாள்கூட இப்படிப் பார்த்ததில்லை. பெரியம்மா என்கிற இந்தச் சிலந்தி ஏறுகிற ஜாதி இல்லை. மரத்தில் வாழ்கிற டரான்டுலா வேறே, அதற்கு உயரமான பெட்டியும் மரப்பட்டையும் வேண்டும். இது தரையில் வாழ்வது, மண்ணைத் தோண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் வெளி உலகமே வேண்டாம் என்று இருப்பது. கல்லூரியில் பொற்கொடி கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருந்தபோது ஜூவாலஜி லேபில் இருந்த எஸ்தர்தான் இதைக் கொடுத்தாள், கல்யாணமாகி ஆஸ்திரேலியா கிளம்பின வாரத்தில். கொடுக்கும்போது சொன்னாள்: மண்ணை முக்கால் தொட்டிக்குப் போடு, கஞ்சத்தனம் பண்ணாதே, மேலே இடம் விடாதே, இவள் ஏறி விழுந்தால் வயிறு பழம் மாதிரி வெடித்துப்போகும். அன்றைக்கு மெத்தென்று தேங்காய் நார்த்தூளும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, உடைந்த பூந்தொட்டி ஒன்றைச் சாய்த்துப் பாதி புதைத்து விட்டதுதான் பொற்கொடி செய்த வேலை. மீதியைப் பெரியம்மா பார்த்துக்கொண்டாள். மண்ணை நூலில் சுற்றி உருண்டை உருண்டையாக வாயில் கவ்விக்கொண்டு வந்து வெளியே போடுவாள், ஒரு மாசம் போட்டாள், அடிக்கண்ணாடிவரை வளை போயிற்று. வாசலில் வெள்ளையாக ஒரு நூல் விரிப்பு, கால்மிதி மாதிரி. பெரியம்மா என்று பெயர் வைத்தது சிவானந்தம். அவனுக்கு லால்குடியில் ஒரு பெரியம்மா இருந்தாளாம், யார் வந்தாலும் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாளாம்.

மண் குறைவாக இருந்தது. காலையிலேயே கண்ணில் பட்டதுதான், ஆனால் காலையில் கண்ணில் பட்ட எல்லாமே குறைவாகவும் புதிதாகவும்தான் இருந்தன, எட்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தால் குழாய்ச் சத்தம்கூட வேறு மாதிரி இருக்கிறது, அதனால் மனசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் மதுரையிலிருந்து அண்ணன் செங்குட்டுவன் காரோடு வந்து, இங்கே உன்னைப் பார்த்துக்க யார் இருக்கா, மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிடுவார் என்று அழைத்துக்கொண்டு போனவன், நேற்றுச் சாயங்காலம்தான் திருச்சியில் கொண்டுவந்து விட்டான். தொட்டியின்மேல் அவளுடைய பழைய புடவைத் துண்டு போர்த்தியிருந்தது. பார்க்கப் போனவளை சிவானந்தம்தான் தடுத்தான், பெரியம்மா தூங்குறா, நாளைக்குப் பாத்துக்க, நீ முதல்ல படு. காலையில் துண்டை எடுத்தபோது அது கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பின்னாலிருந்து சிரித்தான். "உன்னைப் பாத்த சந்தோஷம்டி கொடி, ஏறிக் குதிக்குது பாரு." அப்போது அவளும் சிரித்தாளே, அதை நினைத்தால் இப்போது கன்னம் சுடுகிறது. சிலந்திக்குச் சந்தோஷம் ஏது. ஈரம் அதிகமானால் ஏறும், மண் பிடிக்காவிட்டால் ஏறும், புது இடத்தில் விட்டால் நாலைந்து நாள் ஏறும், வேறு எதற்கும் ஏறாது. கையை உள்ளே விட்டு மண்ணைத் தொட்டாள். காய்ந்துதான் இருந்தது. செம்மண் கலக்காத வெறும் நார்த்தூள், புதிசு, கடைக் கவரின் வாசனைகூடப் போகவில்லை. பூந்தொட்டி ஓடு இருந்தது, ஆனால் மேலே சும்மா கவிழ்த்து வைத்திருந்தது. அதன் அடியில் வளையும் இல்லை, நூலும் இல்லை, ஒரு பள்ளம்கூட இல்லை. அது மறுபடியும் ஏறி அவள் கண்ணுக்கு நேராக வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. மெலிந்த வயிறு. கால்கள் நீளமாக, தேவைக்கு மேல் நீளமாக இருந்தன. நிறம் அதே பழுப்புதான், முதுகில் அதே செம்பட்டை முடிதான். வாய்க்குப் பக்கத்தில் கால் மாதிரி இரண்டு சின்ன உறுப்பு உண்டே, அவற்றின் நுனி இரண்டும் உருண்டு திரண்டு, குத்துச்சண்டைக்காரன் உறை மாட்டிய கை மாதிரி இருந்தது. பொற்கொடி எழுந்துபோய் அலமாரியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தாள். முன்கால் மடிகிற இடத்தில் கொக்கி. அந்தப் பக்கக் காலிலும் கொக்கி. பூதக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இது ஆண். லேபில் இருந்தபோதே பெரியம்மா உரித்துப்போட்ட முதல் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, பொண்ணுதான், இருபது வருஷம் இருப்பா, நீ கிழவியாகிறவரைக்கும் துணைக்கு இருப்பா என்று சொன்னவள் எஸ்தர். ஆணாக இருந்தால் வயசுக்கு வந்ததும் ஒருநாள் வளையை விட்டுக் கிளம்பிவிடும், அப்புறம் தோண்டாது, சாப்பிடாது, பெண்ணைத் தேடி நடந்துகொண்டும் ஏறிக்கொண்டும் இருக்கும், அதிலேயே சில மாசத்தில் செத்துப்போகும் என்று சொன்னவளும் அவள்தான். பெண் எட்டு வாரத்தில் ஆணாகாது.

அப்படியென்றால் பெரியம்மா இல்லை. இது வேறே. இந்த இரண்டு வாக்கியத்தையும் மனசு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே தவிர, ஒன்றோடொன்று சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது. தேங்காய்ச் சட்னியாக இருக்கும். செத்துப்போயிருந்தால் செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கலாம், அழுதிருப்பாள், ஒரு வேளை சாப்பிட்டிருக்க மாட்டாள், அவ்வளவுதானே, ஒரு பூச்சிக்காக மனுஷனை என்ன செய்துவிடப் போகிறாள். சாயங்காலம் ஆறரைக்கு ஆறரைக்கு அவனிடமிருந்து போன் வரும். முதலில் சாப்பிட்டியா, அப்புறம் மாத்திரை போட்டியா, அப்புறம் அவளே கேட்பாள், பெரியம்மா எப்படி இருக்கா. நல்லாத்தான் இருக்கா. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் விடவில்லை. இன்னைக்கு வாசல்ல வந்து நாலு காலை வெளியில நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, காத்து வாங்குற மாதிரி. இன்னைக்கு ஒரு உருண்டை மண்ணு கொண்டாந்து வெளியில போட்டா, மறுபடியும் வீடு கட்டுறா போல. கரப்பான் போட்டேன், பாஞ்சு பிடிச்சா பாரு, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. வாசலை நூல் போட்டு அடைச்சுக்கிட்டா, தோலுரிக்கப் போறாளா? அப்படித்தான் கேட்டான், தோலுரிக்கப் போறாளா என்று, அவளிடமே சந்தேகம் கேட்பவன்போல. மதுரையில் அண்ணன் வீட்டு மாடி அறையில் படுத்துக்கொண்டு, ஆமாங்க, அப்படின்னா தொட்டியை ஆட்டாதீங்க, கரப்பான் எதுவும் உள்ள விடாதீங்க, தோலுரிக்கும்போது அதுவே இவளைக் கடிச்சிடும் என்று மெனக்கெட்டு அவள் பாடம் நடத்தினாள். அவன் சரி சரி என்று கேட்டுக்கொண்டான். போனை வைத்துவிட்டு அவன் என்ன செய்திருப்பான், தொட்டியைப் பார்த்திருப்பானா, அப்போது தொட்டியில் என்ன இருந்திருக்கும், வெறும் மண்ணா, இந்த ஆணா, ஒன்றுமே இல்லாத கண்ணாடியா. பொய் சொல்கிறவன் தயங்குவான் என்று நினைத்திருந்தாள். அவன் தயங்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் இத்தனை அழகாக அவளிடம் எதைப் பற்றியும் பேசியதில்லை. அந்த ஆறரை மணிப் பேச்சுக்காக அவள் பகல் முழுக்கக் காத்திருந்தாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது.

ஆனால் அவன் இப்படிச் செய்வது முதல் தடவை இல்லை. இது எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் வந்தது, வந்தபிறகு போகவில்லை. அப்பா இறந்தபோது. பதினொரு வருஷம் ஆகிறது. அண்ணன் போன் பண்ணினான், அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வாங்க என்று. பஸ்ஸில் சிவானந்தம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். விராலிமலையில் பஸ் நின்றபோது இறங்கிப்போய் ஆரஞ்சு வாங்கிவந்து உரித்துக் கொடுத்தான், சாப்பிடு, அங்க போய் நீ தெம்பா இருக்கணும்ல. அவள் சாமி கும்பிடாத வீட்டில் பிறந்தவள், அப்பா அப்படி வளர்த்தார், பொற்கொடி என்று பெயர் வைத்து, கோயில் வாசலைக் காட்டாமல். அன்றைக்கு அந்த அப்பாவுக்காகத் துவரங்குறிச்சி தாண்டி வழியில் தெரிந்த எல்லாக் கோபுரத்தையும் பார்த்து வேண்டிக்கொண்டு போனாள், பிழைக்க வையுங்க, கை கால் வராவிட்டாலும் பரவாயில்லை, பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாகப் பேரம் பேசிக்கொண்டு. தெரு முனையில் திரும்பியபோது ஷாமியானா கட்டி வரிசையாக நாற்காலி போட்டிருந்தது. அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். அது பஸ் ஏறும்போதே சிவானந்தத்துக்குத் தெரியும். ஆரஞ்சு வாங்கும்போது தெரியும். அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தெரியும். அப்புறம் ஒரு நாள் கேட்டாள். எல்லாரும் அப்படித்தான்டி சொல்லுவாங்க, வழியில உனக்கு ஏதாவது ஆயிட்டா என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். அவளும் பக்கத்து வீட்டு லீலாவிடம் அப்படிச் சொல்லித்தான் ஆட்டோ ஏற்றியிருக்கிறாள். அதனால் மன்னித்தாள், மன்னித்துவிட்டதாக நினைத்தாள். செத்தவரைச் செத்துவிட்டார் என்று தெரியாமல் உயிருக்கு வேண்டிக்கொண்டு போன அந்த மூன்று மணி நேரம் மட்டும் உள்ளே எங்கேயோ யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. என்னைவிட என்னைப் பற்றி இவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்த மூன்று மணி நேரம்.

சிலந்தி தொப்பென்று விழுந்தது. மூடியிலிருந்து விழவில்லை, பாதி உயரத்திலிருந்துதான், கால்களை மடக்கிக்கொண்டு கொஞ்சம் கிடந்து, மறுபடியும் எழுந்து நடந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஆபரேஷனுக்காகக் கட்டியிருந்த பெல்ட்டுக்கு அடியில் தையல் இருந்த இடம் தினவெடுத்தது. ஆறுகிற புண் அரிக்கும் என்று அண்ணி சொன்னாள். கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, கட்டி இருந்தது, எல்லாப் பொம்பளைக்கும் வருகிற கட்டிதான். டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க, சும்மா வழக்கத்துக்கு அனுப்புறது. ரிசல்ட் வந்துடுச்சா? வந்துடுச்சு, ஒண்ணுமில்ல, சாதாரணக் கட்டிதான். இதைச் சொன்னது யார். போனில் சொன்னது. ஆறரை மணிக்கு. பெரியம்மா வாசலில் காற்று வாங்கின அதே ஆறரை மணிக்கு, அதே குரலில், முதலில் ரிசல்ட்டைச் சொல்லிவிட்டு அப்புறம் பெரியம்மாவைச் சொன்னானா, பெரியம்மாவைச் சொல்லிவிட்டு ரிசல்ட்டா. இல்லை, அப்படி இருக்காது, பூச்சி விஷயம் வேறு, இது வேறு. அப்பா விஷயம் வேறு, இது வேறு. ஆனால் எந்த விஷயமும் ஏன் வேறாக இருக்க வேண்டும். ராஜாத்தி அண்ணி மூன்றாவது வாரத்திலிருந்து மாதுளம்பழம் உரித்துக் கொண்டுவந்தாள். அதற்கு முன்னால் இருபது வருஷத்தில் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீரை முகம் சுளிக்காமல் கொடுத்தவள் இல்லை. தலை பின்னிவிட்டாள். பின்னும்போது ஒரு நாள், முடி எவ்வளவு அடர்த்தியா இருக்கு உனக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் எழுந்து, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போய்விட்டாள். பால் அன்றைக்கு வரவே இல்லையே, கடைக்காரன் லீவு என்று காலையில் வரக்காப்பிதானே குடித்தார்கள். அண்ணன் நேற்றுக் காரிலிருந்து இறக்கிவிட்டுக் கிளம்பும்போது அவள் தலையில் கை வைத்தான். அவன் தொட்டுப் பேசுகிற ஆளே இல்லை. மாப்பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்த் தெரு ஓரத்தில் நின்று பேசினான், அவள் மாடியிலிருந்து பார்த்தாள், வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தாள். ஒவ்வொன்றாக வந்தது. வந்ததெல்லாம் இடம் பார்த்துப் போய் உட்கார்ந்தது. அவள் எழுந்து பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தாள். ஸ்கேன் இருந்தது, ரத்த டெஸ்ட் இருந்தது, டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது, அதன் கடைசி வரியில் கட்டி பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இருந்தது. பரிசோதனை முடிவு இல்லை. ஒண்ணுமில்லை என்று எழுதின காகிதத்தை யாராவது எடுத்து ஒளித்துவைப்பார்களா.

ஃபைலின் மேலேயே நம்பர் இருந்தது. ரொம்ப நேரம் மணி அடித்து, ஒரு பெண் எடுத்தாள். சின்னப் பெண் குரல். பொற்கொடி, வயது நாற்பத்தேழு, பயாப்ஸி ரிப்போர்ட் என்று பொற்கொடி சொன்னாள்.

"ரிப்போர்ட் அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாங்களே மேடம். நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும்?"

நான்தான் பேஷண்ட் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்றது.

"தங்கச்சி" என்றாள்.

"ஓ. பேஷண்ட் பக்கத்துல இல்லல்ல மேடம்?"

"இல்ல. நான் தனியாத்தான் இருக்கேன்."

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சார் சொல்லியிருக்கார், ஃபைல்லயே குறிச்சு வச்சிருக்கோம், அதான் கேட்டேன்." குரல் இறங்கி, வீட்டு மனுஷி மாதிரி ஆனது. "ஆரம்ப ஸ்டேஜ்தான் மேடம், பயப்பட வேண்டாம். ஆனா ரேடியேஷனுக்குத் தேதி குடுத்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டோம். சார் அடுத்த வாரம், அடுத்த வாரம்ங்கிறார். இனிமே தள்ளக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அக்காவுக்கு என்னன்னு சொல்லணும்னு இல்ல, ஏதாவது சொல்லிக் கூட்டிட்டு வந்துடுங்க."

"சரிம்மா" என்றாள் பொற்கொடி. "சொல்றேன். அக்காவைக் கூட்டிட்டு வர்றேன்."

போனை வைத்தபிறகு அவள் அழுவாள் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. பயம்கூட உடனே வரவில்லை. அது மாடிப்படியில் வருகிற ஆள் மாதிரி, சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. அதற்கு முன்னால் வந்து நின்றது கூச்சம்தான். இத்தனை வாரமாக எல்லார் முன்னாலும் துணியில்லாமல் நடமாடியிருக்கிறோம் என்று தெரிந்த மாதிரி. அண்ணி, அண்ணன், கல்லூரிக்குப் போகிற அண்ணன் மகள்கூட, அது ஒருநாள் அத்தை உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா என்று வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போனெடுக்கிற பெண்ணுக்குத் தெரியும். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது, அவள் வயிறு, அவள் கட்டி. தங்கச்சி என்று பொய் சொன்னபிறகுதான் ஒருத்தி அவளிடம் உண்மை பேசினாள். பொற்கொடியாக இருந்தால் கிடைக்காதது. இல்லாத ஒரு தங்கச்சிக்கு இருக்கிற மரியாதை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இவன் எதற்காகத் தள்ளினான், என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது என்று கதை அமையவில்லை, அதற்காகத்தானா. ஒரு நல்ல கதை கிடைக்கிறவரைக்கும் அது உள்ளே வளர்ந்தால் வளரட்டும் என்றா. இப்போது பயம் வந்தது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்ப ஸ்டேஜ்தான். ஆரம்பம் எப்போது, எட்டு வாரத்துக்கு முன்னாலா, இப்போதும் ஆரம்பம்தானா. அந்தப் பெண் தங்கச்சிக்காகக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருப்பாளோ.

சிவானந்தம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். மீசையிலும் சட்டையிலும் மாவு. டின்னை அடுப்படியில் வைத்துவிட்டு, மில்லில் கரண்ட் போய்விட்டது, அதான் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் மடியில் பூதக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு நின்றான். தொட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அவள் காலடியில், தரையில் உட்கார்ந்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா" என்றான்.

அவள் பூதக்கண்ணாடியைத் தரையில் வைத்தாள்.

"நீ மதுரைக்குப் போன ரெண்டாவது வாரம்டி. நாத்தம் அடிக்கிற மாதிரி இருந்துச்சு, சுத்தம் பண்ணுவோம்னு நாந்தான் மண்ணையெல்லாம் வாரிப்போட்டேன். வளை கலைஞ்சுபோச்சு. புது மண்ணை முக்கால் தொட்டிக்குப் போடணும்னு எனக்குத் தோணல, கொஞ்சமாத்தான் போட்டேன், தண்ணியும் ஊத்திட்டேன். அது உள்ள இறங்கவே மாட்டேன்னு கண்ணாடியில ஏறி ஏறி நின்னுச்சு. எனக்குப் பயம், வெளியில வந்துடுமோன்னு. மூடியை அழுத்தப் போனேன், ஆடுன ஆட்டத்துல மேலேயிருந்து விழுந்துச்சு. தண்ணி வச்ச கிண்ணத்து விளிம்புல. அடிபட்டு ஒரு நாள் இருந்துச்சு கொடி. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். வேலைக்குப் போகல." அவன் புறங்கையால் மீசை மாவைத் துடைத்தான். "நீயோ ஆபரேஷன் பண்ணின உடம்பு. எப்படிச் சொல்றது. மெட்ராஸ்ல ஒரு பையன் இதெல்லாம் வளர்க்கிறான்னு கேள்விப்பட்டு, அதே கலர்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஆணு பொண்ணெல்லாம் எனக்கென்ன தெரியும்."

அவன் நிஜமாகவே அழுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா ஒரு நாள் முழுக்க அடிபட்டுக் கிடந்திருக்கிறாள் என்பது எங்கோ தூரத்தில் கேட்டது, அதற்கு அழ வேண்டும், பிறகு அழலாம். இப்போது அவள் கவனித்தது அவன் முகத்தை. அழுகைக்கு அடியில் அவன் முகம் லேசாகிக்கொண்டு வந்தது. இவள் கண்டுபிடித்தது இதைத்தானா, இவ்வளவுதானா என்கிற நிம்மதி. ஒரு கதவைத் திறந்துவிட்டு, இன்னொரு கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேற என்ன மறைச்சீங்க?"

"வேற என்னடி?"

"கேக்கிறேன். வேற எதுவும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் மண்டியிட்டு நிமிர்ந்து, மாவு படிந்த கையைத் தூக்கி அவள் உச்சந்தலையில் வைத்தான். "உன்மேல சத்தியமா. இது ஒண்ணுதான். இனிமே எதையும் உங்கிட்ட மறைக்க மாட்டேன்."

கை வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தட்டிவிட அவளுக்குத் தோன்றவில்லை. வேறு எதன்மேல் சத்தியம் செய்திருந்தாலும் தாங்கியிருக்கலாம். அவளுக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அவள் தலையில் கை வைக்க அவனால் முடிந்தது. முடியாமல் போயிருந்தால், கை பாதி வழியில் நின்றிருந்தால், ஒரு நொடி நடுங்கியிருந்தால்கூட அவள் அவனை வேறு மாதிரி பார்த்திருப்பாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் கேட்டாள், அவனுக்கு வழி விட்டுத்தான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன்" என்றாள். "ரேடியேஷனை இனிமே தள்ளக் கூடாதாம்."

கை அவள் தலையிலேயே இருந்தது. எடுக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை அவனுக்கு.

"கொடி... நீ தாங்க மாட்டேன்னு..."

"கையை எடுங்க."

எடுத்தான்.

"எங்க அண்ணனுக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியும். அவங்க பொண்ணுக்குக்கூடத் தெரியும். ஆரம்பத்துல சொல்லத் தெரியலன்னா, தாங்க மாட்டேன்னா, சரி. ரெண்டு தடவை தேதி குடுத்தாங்களே, அதை எதுக்குத் தள்ளினீங்க?"

"வாய் வரலடி. புண்ணு ஆறுறதுக்குச் சூடு வைக்கிறாங்கன்னு சொல்லலாம்னு மச்சான் சொன்னாரு. தினம் சொல்லிப் பாத்துக்கிட்டேன். வாய் வரல."

"பெரியம்மா கரப்பானைப் பாஞ்சு பிடிச்சான்னு சொல்ல வந்துச்சே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்படியில் சூடாறாத மாவின் வாசனை அறைவரைக்கும் வந்தது. அவள் அவனைத் திட்டவில்லை. திட்டினால் அவன் அழுவான், அழுதால் அவள்தான் தேற்ற வேண்டும், இன்றைக்கு அதற்கு அவளிடம் தெம்பில்லை. போனை எடுத்து அதே நம்பரை அழுத்தினாள். அதே பெண்தான் எடுத்தாள்.

"கொஞ்சம் முன்னால பேசினேனே, பொற்கொடி விஷயமா. தங்கச்சின்னு சொன்னேன். தங்கச்சி இல்லம்மா. நான்தான் பொற்கொடி."

"மேடம்..." என்றாள் அந்தப் பெண்.

"நீ ஒண்ணும் பயப்படாத. உன்மேல தப்பில்ல, யார் கேட்டாலும் அப்படியே சொல்றேன். திங்கக்கிழமைக்கு டாக்டரைப் பாக்கணும். தேதி எழுதிக்க. என் நம்பரை எழுதிக்க, பழைய நம்பரை அடிச்சிடு. எதுவா இருந்தாலும் எனக்குத்தான் போன் பண்ணணும்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். பத்து மணிக்கு என்றாள். பிறகு, தயங்கி, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டாள்.

"கூட யாராவது வர்றாங்களா மேடம்? ஒரு பேர் எழுதணும்."

பொற்கொடி தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிவானந்தம்னு எழுதிக்க" என்றாள். "வருவார். வெளியில உக்காந்திருப்பார்."